எச்சில் மாலை

1977-இல் இங்கிலாந்தின் எங்கள் ஹல் ஊரில் கிடார் பிடிக்கத் தெரியாதவனெல்லாம் பங்க் என்ற முரட்டு ராக் இசைக்குழு ஆரம்பித்தான். நாங்களும் ஆரம்பித்தோம். பெயர் 'ஓட்டை வாளிகள்'. நான் டிரம்ஸ். பாடுவது கிளைவ் தாக்ரே, பல் டாக்டர் மகன். வீட்டில் தினம் வெந்நீர்க் குளியல், மேடையில் கிழிசல் சட்டை. தனக்குத் தானே 'சாக்கடை' என்று பட்டம் வேறு. இந்தக் கூத்தில் சரக்கு இருந்தது ஒருத்தியிடம்தான். பேஸ் கிடார் வாசித்த மோரீன் ஆக்டன்.

மோரீனுக்கு மீன் பொட்டலம் கட்டும் ஆலையில் வேலை. வருகை அட்டை எண் 412. மேஸ்திரி அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எண்தான். அந்த எரிச்சலில் சாப்பாட்டு இடைவேளையில், மீன் பெட்டியின் அட்டையைக் கிழித்து ஒரு பாட்டு எழுதினாள். தலைப்பும் '412'. எங்களிடம் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

இசைத்தட்டு போட்டபோது உறையில் யார் பெயரும் இல்லை. பெயர் போடுவது நட்சத்திரங்களின் புத்தி, பங்க் இசைக்கு ஆகாது என்று கிளைவ் பிரசங்கம் செய்தான். நாங்கள் மண்டையை ஆட்டினோம். உறைகளை உட்கார்ந்து ஒட்டியதே மோரீன்தான், மடச்சி. அப்போதெல்லாம் ரசிகர்களுக்குக் குழுவைப் பிடித்துப்போனால் மேடையைப் பார்த்துத் துப்புவார்கள். "துப்புங்கடா, அதுதான்டா எனக்கு மாலை" என்று கிளைவ் நெஞ்சைக் காட்டுவான்.

மூன்றே வருடம். பங்க் மவுசு போய் நியூ வேவ் என்ற நாசூக்கான பாணி வந்ததும் சாக்கடை கோட்டு மாட்டிக்கொண்டது. எங்களைக் கழற்றிவிட்டு லண்டன் போனான். சிந்தசைசர் வைத்து '412'-ஐ மறுபடி பதிவு செய்தான். இந்த முறை உறையில் பெயர் இருந்தது: எழுதியவர் கிளைவ் தாக்ரே. ஊருக்குத்தானே உபதேசம்!

மோரீன் ரயிலேறிப் போய்க் கேட்டாள். என் பெயரைப் போடு, அவ்வளவுதான். பெயர் வேண்டாம் என்று அன்று தலையாட்டியது யார் என்று சிரித்து அனுப்பிவிட்டான். பதினாறு வருடம் ஆலை ரேடியோவில் அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே மீன் கட்டினாள். அது தன் பாட்டு என்று ஒருநாள் பக்கத்தில் நின்ற பிரெண்டாவிடம் சொல்லிவிட்டாள்.

"ஆமாடி, நான்கூட இங்கிலாந்து ராணிதான்" என்றாள் பிரெண்டா. அதற்குப் பிறகு மோரீன் யாரிடமும் சொல்லவில்லை.

1996-இல் கிளைவ் எங்கள் நகர மண்டபத்தில் பாட வந்தான். நானும் மோரீனும் டிக்கெட் வாங்கி முன்வரிசையில் நின்றோம். வெள்ளைக் கோட்டு, தொப்பை. 412 என்பது மனித ஆன்மாவின் தனிமையாம்; விளக்கம் சொன்னான். அவன் பாட்டை எடுத்ததும் மோரீன் காறித் துப்பினாள். கோட்டின் மார்பில் சரியாக விழுந்தது.

"யாருய்யா அங்க, போலீஸைக் கூப்பிடு!" என்று அலறினான் சாக்கடை.

"ஏண்டா, மாலைதானே கேட்ட?" என்றாள் மோரீன்.

போலீஸ்காரர் பெயர் கேட்டார். எழுத்து எழுத்தாகச் சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்தது: "'412' பாடலைத் தானே எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் மோரீன் ஆக்டன்..." மோரீனைப் பார்க்க ஆலைக்குப் போனேன்; சாப்பாட்டு அறையில் யாரோ அதை ஒட்டியிருந்தார்கள். 'எழுதிய' என்பதை விட்டுவிட்டு 'தாகச் சொல்லிக்கொள்ளும்' என்பதன் மேல், மீன் பெட்டிக்குக் குறி போடும் கறுப்பு மையால் தடிமனாக ஒரு கோடு. மோரீன் அடித்திருப்பாள் என்று நினைத்தேன். இல்லை, கையெல்லாம் மையோடு நின்றது பிரெண்டா.