நான் அச்சடித்ததை நானே நம்பினேன்

இரண்டாயிரத்து ஆறு என்று நினைக்கிறேன். சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். வயது ஐம்பத்தைந்து. நாள் முழுக்க நின்று நின்று முட்டிவலி. வேலையையே விட வேண்டி வருமோ என்று உள்ளூர பயம்.

அப்போது ஒரு குளுக்கோசமைன் மாத்திரைக்கு அட்டைப்பெட்டி அடிக்கும் ஆர்டர் எங்கள் அச்சகத்துக்கு வந்தது. 'தேய்ந்த மூட்டு மீண்டும் வளரும்' என்று தங்க நிறத்தில் அடித்தேன். மை காய்வதற்குள் எனக்கே ஆசை வந்துவிட்டது. அதே மாத்திரையை வாங்கி விழுங்கத் தொடங்கினேன்.

மாதங்கள் போயும் வலி அப்படியே இருந்தது. என் மனைவி என்னை விருதுநகரில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

"மூட்டு வளரும்னு யாரு சொன்னா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"பெட்டியிலயே போட்டிருக்கே!" என்றேன்.

"அந்தப் பெட்டிய அச்சடிச்சதே இவுகதான் டாக்டரம்மா" என்றாள் மனைவி.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். ஒரு நொடி விழித்துவிட்டு நானும் சேர்ந்து சிரித்தேன். அத்தனை நாள் பயம் அங்கேயே பாதி இறங்கியது.

"சிலருக்கு வலி கொஞ்சம் கொறையலாம். ஆனா தேஞ்ச மூட்டு வளரும்னு சொல்ல உறுதியான ஆதாரம் இல்ல. எடையக் கொறைங்க, தொடைக்குப் பயிற்சி செய்ங்க" என்றார் அவர்.

அன்றிலிருந்து நானும் மனைவியும் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து காலை நீட்டி, கொஞ்ச நேரம் அப்படியே தூக்கிப் பிடித்து மடக்கினோம். யார் கால் முதலில் இறங்குகிறது என்று போட்டி வேறு. பெரும்பாலும் தோற்றது நான்தான். வலி முழுக்கப் போகவில்லை. ஆனாலும் அந்த வருடக் காலண்டர் அச்சடிக்கும் சீசன் முழுக்க மெஷின் பக்கத்தில் நின்றேன்.

வலியில் இருப்பவன் எதையும் நம்பிவிடுகிறான். கூடவே உட்கார்ந்து சிரிக்க ஒருவர் இருந்தால் தப்பித்துக்கொள்கிறான்.