லைட் வந்தால் எழுந்து நிற்பவர்கள்

என் மாமா சைக்கிளுக்கு டைனமோ லைட் மாட்டியபோது அந்த ஊரில் வேறு யாரிடமும் அது இல்லை. விக்கிரவாண்டியில் ஒரு லாரி ஷெட்டில் அவருக்கு வேலை. இருட்டில் வீடு திரும்பும்போது ஒருமுறை பள்ளத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் லைட் வாங்கினார். வாங்கியதும் வாங்கினார், பெரியதாகவே வாங்கினார். லாரிகளோடு பழகிய மனிதர் அல்லவா, வெளிச்சம் தூரமாகப் போகட்டும் என்று லைட்டின் முகத்தை மேலே தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒன்றாம் வகுப்பு முடித்த லீவுக்கு நான் திண்டிவனத்திலிருந்து அங்கே போயிருந்தேன். ஷெட்டிலிருந்து வந்ததும் மாமா என்னைச் சைக்கிளின் முன்பாரில் உட்காரவைத்து மெயின் ரோட்டுக் கடைவரை அழைத்துப் போவார். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டிருந்த காட்டை ஒட்டிய வளைவில் அந்த அதிசயம் நடக்கும். எங்கள் வெளிச்சம் பட்டதும் ரோட்டோரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் வகுப்புக்கு ஹெட்மாஸ்டர் வந்தால் நாங்களும் அப்படித்தான் எழுந்து நிற்போம். மாமாவுக்கு ஊரில் இவ்வளவு மரியாதையா என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். "அத்த, மாமா போனா எல்லாரும் எழுந்து நிக்கிறாங்க!"

மாமா சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

"ஏங்க, அந்த வளைவாண்ட மட்டும் டைனமோவத் தள்ளி உட்டுட்டு வாங்களேன்."

"இருட்டுல மறுபடியும் உழுந்தா யாரு தூக்கறது? அதுக்குத்தான வாங்கனது?"

அவர் முட்டியில் இன்னும் இருந்த கட்டைப் பார்த்துவிட்டு அத்தை அடுப்படிக்குப் போய்விட்டார்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டுப் பின்கட்டில் கக்கூஸ் இருந்தது. மாமாவின் ஊரில் எந்த வீட்டிலும் இல்லை. ஆண்கள் எந்நேரமும் ஏரிப்பக்கம் போய் வருவார்கள். பெண்கள் பகலெல்லாம் அடக்கிக்கொண்டு, இருட்டியதும் சொம்போடு கிளம்புவார்கள். காட்டுக்குள் பாம்பு என்பதால் ரோட்டோரம்தான்.

ஒருநாள் பச்சை மல்லாட்டையை அளவில்லாமல் தின்று எனக்கு வயிற்றைக் கலக்கியது. அன்று மாமா வர நேரமாகியிருந்தது. அத்தை தன்னோடு என்னையும் அந்த வளைவுக்கு அழைத்துப் போனார். இருட்டில் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

"தோ, வந்துட்ச்சிடி லைட்டு," என்றது ஒரு குரல். பேச்சு நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். அத்தை என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். வயிறு முறுக்கி எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் நெருங்கி வந்த அந்த வெளிச்சம் யாருடையது என்று தெரிந்துவிட்டது. அத்தைகூட மாமாவுக்கு எழுந்து நிற்கிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

"மாமா! மாமா! நானும் அத்தையும் இங்க இருக்கோம்!"

அத்தை என் வாயைப் பொத்தினார். முகத்தைக் காட்டுப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றவர்மேல் வெளிச்சம் முழுதாக விழுந்தது. சைக்கிள் வேகம் குறைந்தது. வெளிச்சம் மஞ்சளாகி, சுருங்கி, அணைந்தது. யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்களைக் கடந்து போகும் சத்தம் மட்டும் கேட்டது.

அன்று வீட்டில் அத்தை சோறு போட்டார், மாமா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். என் வயிறு எப்படி இருக்கிறது என்று மட்டும் இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். தினமும் அத்தனை பெண்கள் எழுந்து நின்றதை அவரும்தான் பார்த்திருந்தார். இப்போது நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அன்று வரவில்லை.

மறுநாள் வளைவுக்கு முன்னாலேயே மாமா இறங்கிவிட்டார். டைனமோவை டயரிலிருந்து விலக்கிவிட்டு, பாரில் நான் உட்கார்ந்திருக்க, ரோட்டின் மறுபக்க ஓரமாக மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடந்தார். எதிரில் காலடிச் சத்தம் கேட்டபோது ஒருமுறை மணியடித்தார். ரோட்டோரப் பேச்சு நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"லைட்டுக்கு இன்னா ஆச்சு மாமா?"

"டைனமோ பேஜாரு பண்ணுது பாப்பா."

வளைவு தாண்டி ஏறி மிதித்தார். லைட் பளிச்சென்று எரிந்தது. அதன் முகத்தையும் ரோட்டைப் பார்த்துக் குனியவைத்திருந்தார். மறுநாளும், அதற்கடுத்த நாளும் அதே இடத்தில் அது கெட்டுப்போனது. இப்படிப்பட்ட டைனமோவைத் தலையில் கட்டிவிட்டானே கடைக்காரன் என்று எனக்கு மாமாவை நினைத்துப் பாவமாக இருந்தது. இனி அவருக்காக யாரும் எழுந்து நிற்கமாட்டார்களே என்பதுதான் அதைவிடப் பெரிய வருத்தம்.