செருப்பை ஒளித்து வைத்தேன்

வாசலில் கிடக்கும் பேப்பரை எடுக்கக்கூட என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டுதான் போவார். வெறுங்காலோடு அவர் படி இறங்கி நான் பார்த்ததில்லை. மறதி முற்றி, சொல்லாமல் கொள்ளாமல் வெளியே கிளம்ப ஆரம்பித்தபோது நான் அந்தப் பழக்கத்தைத்தான் நம்பினேன். செருப்பை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டு, பெரிய யுக்தி செய்துவிட்டதாக நிம்மதியாக இருந்தேன்.

டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய அட்டை, கதவில் ஒரு மணி, தெருவில் நாலு பேரிடம் விஷயத்தைச் சொல்லி வைப்பது. அட்டை வைத்தேன், மணி கட்டினேன். சொல்வதற்குத்தான் வாய் வரவில்லை. மயிலாப்பூரில் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த மனிதர். "மாமா சௌக்கியமா?" என்று யார் கேட்டாலும் "ஜம்முனு இருக்கார்" என்பேன். எனக்கு அவ்வளவு திமிர்.

போன சித்திரையில் ஒரு பிரதோஷம். மூன்று மணி வெயிலில் அவரைக் குளிப்பாட்டி, வேஷ்டி கட்டி, நெற்றியில் விபூதி இட்டுவிட்டேன். சட்டையை எடுப்பதற்குள் கொண்டைக்கடலை வைத்த குக்கர் கத்தியது. அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் வாசல் கதவு திறந்து கிடந்தது. மணி அடித்திருக்கும். குக்கர் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

அப்போதும் எனக்குப் பதறவில்லை. செருப்பில்லாமல் எங்கே போய்விடப்போகிறார்? மொட்டை மாடி, மோட்டார் ரூம், கார் நிறுத்தும் இடம் என்று கட்டடத்துக்குள்ளேயே தேடினேன். அதில் அரை மணி நேரம் போயிற்று.

பிறகுதான் தெருவுக்கு ஓடினேன். முனையில் பூ விற்கும் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கோயிலச் சுத்திக்கினு இருந்தாரேம்மா. ரெண்டு தபா இந்தப் பக்கம் போனாரு. மேல சட்ட இல்ல, காலுல செருப்பு இல்ல, நெத்தி பூரா துன்னூறு. இன்னா வேண்டுதலோன்னு நெனச்சேன். நீ ஒரு வார்த்த சொல்லிகீறியா என்னாண்ட?"

மாட வீதியில் பிரதோஷக் கூட்டம் அவருக்கு வழிவிட்டிருக்கிறது. ஓர் அம்மாள் காலில் விழுந்து ஆசீர்வாதம்கூட வாங்கிக்கொண்டாளாம். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு நடக்கிறவரை எங்கள் ஊரில் யாரும் நிறுத்தமாட்டார்கள், கும்பிடுவார்கள். சட்டையும் செருப்புமாகப் போயிருந்தால், பழைய மாணவன் எவனாவது "சார், எங்கே இந்தப் பக்கம்?" என்று கேட்டிருப்பான். பக்தர் வேஷம் போட்டு அனுப்பி வைத்தது நான்தான்.

வடக்கு மாட வீதியில், பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த பிரசாதத் தொன்னை கையில் அப்படியே இருந்தது. உள்ளங்கால் இரண்டும் கொப்புளித்திருந்தன. பயமெல்லாம் கோபமாக மாறி நடுத்தெருவில் கத்தினேன். "யாரையாவது வழி கேட்டா என்ன?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எப்படிக் கேக்கறது? ஆத்துக்கு வழி தெரியலைன்னா என்ன நினைப்பா?"

எனக்கு இருந்த அதே வெட்கம். அந்தப் படியிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். ஒருவர் ஆட்டோ பிடித்துக் கொடுத்தார்.

அன்று சாயங்காலமே பூக்காரி, இஸ்திரிக்காரர், மருந்துக்கடை என்று எல்லோரிடமும் போய்ச் சொன்னேன். சொல்வது ஒன்றும் அவ்வளவு கஷ்டமாக இல்லை. மறுநாள் வேளச்சேரியிலிருந்து மகள் வந்து கிரில் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினாள். மனிதரைப் பூட்டி வைப்பதாவது என்று அதுவரை அவளோடு சண்டை போட்டவள் நான். இந்த முறை சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

கால் ஆறப் பத்து நாள் ஆயிற்று. எழுந்து நடந்த முதல் நாளே அவர் நேராகக் கிரில் கதவுக்குத்தான் போனார். பூட்டை இழுத்தார், மறுபடியும் இழுத்தார். திரும்பி என்னைப் பார்த்து, யாரென்று நினைத்தாரோ, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன்? சொல்லுங்கோ, இனிமே பண்ணமாட்டேன்."

"நீங்க ஒண்ணும் பண்ணலை" என்றேன். ஆனால் பூட்டைத் திறக்கவில்லை.