ஒன்பதாவது கோப்பு

கோப்புகளின் முதுகை ஆள்காட்டி விரலால் தட்டிக்கொண்டே போகிறாள். ஏழாவதில் விரல் நிற்கிறது. அதை உருவி வரிசையின் முன்னால் செருகுகிறாள். "இது பன்னெண்டாந்தேதி, அது பதினெட்டு. மொதல்ல காலாவதி ஆகுறது முன்னால வரணும்ல?" மகளின் கல்லூரி விண்ணப்பங்களைத்தான் சொல்கிறாள். மருந்துக்கடையில் பதினெட்டு வருஷம் மாத்திரை அட்டைகளை அடுக்கிய கைக்கு வேறு வரிசை தெரியாது.

என் ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. மாடியில் அவள், கீழே நான். தெருவுக்கே அவள் 'மாத்திரையக்கா'. அவள் மகளும் என் மகனும் ஒரே வகுப்பு, இருவருக்கும் பள்ளியில் இது கடைசி வருஷம். அவள் மகளுக்கு ஒன்பது கோப்புகள். என் மகனுக்கு ஒரு துணிப்பை. அதில் மதிப்பெண் சான்றிதழும் பாதி தின்ற பிஸ்கட்டும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகின்றன.

"தம்பி எத்தனை காலேஜுக்குப் போட்டிருக்கான்?" என்பாள்.

"பாத்துக்கிட்டிருக்கான்க்கா" என்பேன். அவன் என்ன பார்க்கிறான் என்பது எனக்கே தெரியாது. கையில் போன் இருக்கும்.

எனக்குப் பொறாமைதான். அக்கறை, ஆதங்கம் என்றெல்லாம் வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒட்டவில்லை. என் வீட்டுக்காரர் வேறு சாப்பிடும்போது, "அண்ணியைப் பாரு, எவ்வளவு பாங்கு!" என்பார். அன்றைக்குக் குழம்பில் உப்பு கூடிப்போகும்.

அவள் பாங்கைப் பார்க்காமலும் இருக்க முடியாது. புகைப்படத்தின் பின்னால் மகளின் பெயரைப் பென்சிலால்தான் எழுதுவாள். "பேனாவால அழுத்தினா மொகத்துல பள்ளம் விழும்." ஸ்டேப்ளரைத் தொடமாட்டாள். "ஆபீஸ்ல பிரிக்கிறப்போ கிழிஞ்சுதுன்னா யார் பொறுப்பு?" எந்தப் படிவமானாலும் இரண்டாக வாங்குவாள். முதலில் பென்சிலில் நிரப்பி, மறுநாள் அதன்மேலேயே பேனாவை ஓட்டி, மை காய்ந்தபின் ரப்பரால் மெல்ல ஒற்றி எடுப்பாள். ரப்பர் தூளை ஊதமாட்டாள். கோழி இறகு ஒன்று வைத்திருக்கிறாள், அதற்கென்றே.

ஒன்பதில் ஒன்றுதான் அவளுக்கு உயிர். மருந்தாளுநர் படிப்புக்கான கல்லூரி. "இது ஒண்ணு கெடைச்சாப் போதும். மத்த எட்டும் சும்மா துணைக்கு." ஏன் என்று கடைக்குப் போனவர்களுக்குத் தெரியும். எந்த மாத்திரை எந்த அறையில், எதை எதோடு சேர்த்து விழுங்கக் கூடாது, எல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் சுவரில் மாட்டியிருக்கும் மருந்தாளுநர் சான்றிதழ் நாற்காலியில் இருப்பவருடையது. அவர் எழுந்து சாப்பிடப் போனால் இவள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். "மருந்து எனக்குத் தெரியும், கையெழுத்து அவருக்குத் தெரியும்" என்று சிரிப்பாள்.

மற்ற எட்டையும் பத்து நாள் முன்கூட்டியே அனுப்பிவிட்டாள். இந்த ஒன்று மட்டும் கையைவிட்டுப் போகவில்லை. எழுதுவாள், அழிப்பாள். கடைசி நாளும் வந்தது. மாலை நான்கு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும்.

பசை கேட்கிற சாக்கில் மாடி ஏறினேன். ஒரு தப்பாவது கண்ணில் படாதா என்றுதான் போனேன். படிவம் முழுக்க நிரம்பி, மேஜைமேல் மை காய்ந்துகொண்டிருந்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். எதிர்ப்பக்கத்தில் இருந்தபடி தலைகீழாகவே வாசித்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, சறுக்கியிருந்தது. 'விண்ணப்பதாரர் பெயர்' கட்டங்களில் அவளுடைய பெயர். இனிஷியல்கூடக் கணவருடையது இல்லை, அவள் அப்பாவுடையது. பென்சிலில் எழுதி, பேனாவும் ஓட்டி, இரண்டு தடவையும் அவளுக்கு அது உறுத்தவில்லை.

கேட்ட வரம் கிடைத்துவிட்டது. நான் உடனே வாயைத் திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மகள் படிவத்தை எடுக்கக் கை நீட்டிய பிறகுதான் சொன்னேன்.

"அக்கா, பேரைக் கொஞ்சம் பாருங்க."

மகள் எட்டிப் பார்த்து, "ஐயோ அம்மா, இது உன் பேரு!" என்று கத்தினாள்.

அவள் பார்த்தாள். காது மடல் சிவந்துவிட்டது. "கை அதுபாட்டுக்குப் போயிருச்சு" என்றாள்.

இரண்டாவது படிவத்தை எடுத்தாள். பென்சில் இல்லை, நேரே பேனா. மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினாள். மூன்று மணிக்கு மகள் கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

மேஜைமேல் முதல் படிவம் கிடந்தது. நானும் பதினேழு வருஷமாக மகன் பெயரைத்தான் எல்லா இடத்திலும் எழுதி வருகிறேன். என் பெயரை எழுத என் கை ஒரு நாளும் தவறியதில்லை. இத்தனை நாள் அவள் கோப்புகளைப் பார்த்து வயிறெரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை; அந்தத் தப்பைப் பார்த்து எரிந்ததுதான் எரிச்சல்.

"கிழிச்சுப் போட்டுடட்டுமாக்கா?" என்றேன்.

"இரு" என்றாள்.

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறந்த தேதிக் கட்டத்தில் இருந்த மகளின் தேதியை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன்மேல், கட்டத்துக்கு ஓர் எண்ணாக, தன்னுடையதை எழுதினாள்.