ஒரு காலருக்கு ஒரு டைட்டில் பாட்டு

எங்கள் வீட்டில் சுவர்க் கடிகாரம் உண்டு. அதை யாரும் பார்ப்பதில்லை. செய்தி இசை வந்தால் அப்பா நாற்காலியை இழுப்பார். குற்ற நிகழ்ச்சியின் திகில் இசை வந்தால் அம்மா எழுந்து போய்க் கொல்லைக் கதவின் தாழ்ப்பாளையும் சிலிண்டரையும் பார்த்துவிட்டு வருவாள். திருடனுக்கும் சிலிண்டருக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், "வந்தது வந்தேன், அதையும் பாத்தேன்" என்பாள்.

இவற்றையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். மூன்று பத்திகள்: எந்தப் பாட்டு, எத்தனை நொடி, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது. இப்போதெல்லாம் தொடரை ஃபோனில் பார்க்கும்போது டைட்டில் பாட்டைத் தாண்டிப்போக ஒரு பொத்தான் வருகிறது. அதை நான் ஒரு முறை அமுக்கிவிட்டேன். அம்மா அன்று முழுக்க அந்தக் கதையை ஏற்றுக்கொள்ளவே இல்லை. "பாட்டில்லாம திடுதிப்புனு அழுதா யாருக்குங் கண்ணு அழுகை வரும்?" என்றாள்.

டைட்டில் பாட்டுகளில் பெண் என்னவாக ஆகிறாள் என்றும் ஒரு பட்டியல் உண்டு. விளக்கு, நதி, நெருப்பு, பூமி. இந்த நான்கில் ஒன்றாக ஆகாமல் எந்தக் கதாநாயகியும் கதைக்குள் நுழைந்ததில்லை. ஒரே ஒரு விதிவிலக்கு, ஒன்பது மணித் தொடர். அதில் அவள் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து, காற்றில் முடி பறக்க, மிதித்துக்கொண்டே அழுவாள். பாட்டு ஆமை வேகத்தில் போகும். அந்த மிஷினில் நூல் கோக்கப்பட்டிருக்காது. ஒவ்வொரு இரவும் நான் இதைச் சொல்வேன். ஒவ்வொரு இரவும் அம்மா, "பாட்டக் கேளு" என்பாள்.

இந்த அறிவெல்லாம் எனக்கு வேலையில் பயன்படும் என்று நான் நினைக்கவில்லை.

படிப்பு முடித்து ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். என் வேலை நேரம் பார்ப்பது. நிறுத்துக் கடிகாரமும் அட்டையும் பேனாவுமாக ஒரு டெய்லர் பக்கத்தில் நின்று, ஒரு பீஸுக்கு எத்தனை நொடி ஆகிறது என்று பத்து முறை குறிக்க வேண்டும். அதிலிருந்துதான் ஒரு நாளைய டார்கெட்டைப் போடுவார்கள். முதன்முதலாக எனக்குக் கொடுத்தது காலர் வைத்த டி-ஷர்ட் தைக்கும் லைன். காலர் வைப்பதுதான் அந்த லைனில் மெதுவான வேலை. அது என்ன வேகமோ, மொத்த லைனும் அதே வேகம்.

காலர் வைத்துக்கொண்டிருந்தவர் உடுமலைப் பக்கத்திலிருந்து கம்பெனி வேனில் வரும் ஒரு அக்கா. லைனில் பாதிப் பேர் அந்த வேன்தான். டார்கெட் முடிந்தால் ஐந்தரைக்கு வேன் கிளம்பும். முடியாவிட்டால் வேனும் காத்திருக்கும்.

நான் போய் நின்றதும் அக்கா என் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏனுங் மேடம், அத எத்தன தடவ அமுத்துவீங்க?"

"பத்துங்க்கா."

"அமுத்துங்க, அமுத்துங்க. உங்குளுக்கும் கைவேல இருக்கோணுமில்ல."

பத்து முறை குறித்தேன். ஒன்பது முறை ஐம்பத்திரண்டு நொடி. ஒரு நொடி முன்னே, ஒரு நொடி பின்னே. ஒரே ஒரு முறை மட்டும், ஏழாவது பீஸ், நாற்பத்தொன்று. பாடப் புத்தகத்தில் இப்படி விலகி நிற்கும் எண்ணை அடித்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அடித்துவிட்டேன். இவ்வளவு சீரான கை எத்தனை வருடப் பழக்கத்தில் வந்திருக்கும் என்று வியந்துகொண்டே இடத்துக்கு வந்தேன்.

ஆனால் அட்டையில் ஏழாவது பீஸுக்கு எதிரே, என் வழக்கப்படி, ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: 'மேனேஜர் போன் அடித்தது.'

எங்கள் மேனேஜரின் ரிங்டோன் ஒரு பட நாயகனின் தீம் இசை. படத்தில் அந்த நாயகன் புகையிலிருந்து மெதுவாக நடந்து வரும்போது அதிரும் இசை. மேனேஜர் நடந்து வருவது தறிக்கு நூல் கொண்டுபோகிறவர் மாதிரி, தலை குனிந்து குடுகுடுவென்று இருக்கும். ரிங்டோன் மட்டும் அப்படி.

மறுநாள் கடிகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, வெறுங்கையுடன் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் போய் நின்றேன். காது கொடுத்தேன். மிஷின் சத்தத்துக்கு அடியில் ஒரு முனகல் ஓடிக்கொண்டிருந்தது. லைன் முழுக்க ஏதோ ஒரு துள்ளலான மெட்டு, கையும் அதே துள்ளலில். திரும்பிப் போய்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். செக்கிங்கில் நூல் வெட்டுகிற பெண் கத்தரியால் மேசையில் இரண்டு தட்டு தட்டினாள். முனகல் மாறியது. மூன்றே ஸ்வரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது மணித் தொடர். பல்லவி இரண்டு முறை, ஒரு காலர். ஐம்பத்திரண்டு நொடி.

நான் வியந்த சீரான கை, ஒன்பது மணிக்கு அழுகிற பெண்ணுடையது.

சாப்பாட்டு இடைவேளையில் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அந்தப் பாட்டுல அந்தப் பொண்ணு தெக்கிறாளே, மிஷின்ல நூலே கிடையாது, பாத்தீங்களா?"

அக்கா பிசைந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். "கண்டுபுடிச்சிட்டீங்களா? நூலில்லாம தெக்கறதுக்கு அந்தப் புள்ளைக்கு எவ்வளவு நேரம் வேணுமின்னாலும் ஆகுமுங்க."

"மேனேஜர் போன் அடிச்சா மட்டும் நாப்பத்தொண்ணு."

"அது கை தானா ஓடிருதுங்க. அந்த மியூசிக்கு அப்பிடி."

"அப்ப நாப்பத்தொண்ணுனே எழுதிக் குடுக்கட்டுமா?"

சிரிப்பு நின்றது. "கண்ணு," என்றார். 'மேடம்' என்று கூப்பிடுவது போய்விட்டது. "அந்த மியூசிக்க படத்துல ஹீரோ நடந்து வாரப்ப ரெண்டு நிமிசம் போடுவாங்க. அப்புறம் அவுரே போய் உக்காந்துக்குவாரு. நாங்க சாயந்தரம் வரைக்கும் நடந்துட்டே இருக்கோணுமா?"

நான் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

"நாப்பத்தொண்ணுன்னு போட்டீங்கன்னா டார்கெட்டு ஏறிக்கும். வேன் ஏழு மணிக்கு எடுப்பாங்க. நான் ஊடு போய்ச் சேர எட்டரை. என்ர புள்ள பன்னெண்டாவது படிக்கறா. நான் வரலீன்னா பொஸ்தகத்த மூடி வெச்சுட்டு சோறாக்கப் போயிருவா. ஆக்காதடின்னாலும் கேக்கமாட்டா. பரீட்சைக்கு இன்னி எத்தன நாளு இருக்குது?"

"அதுக்காக ஐம்பத்திரண்டுன்னு பொய் எழுத முடியாதுங்க்கா."

"எழுத வேண்டாம். நெசத்த எழுதுங்க. நெசம் ரெண்டுக்கும் நடுவுல இருக்குது."

நடுவில் இருப்பது எந்தப் பாட்டு என்று கேட்டேன். எதையும் பாடாமல் தைத்தால் என்ன என்றும் கேட்டேன். பாடாவிட்டால் கை வராது என்றார். யாரும் பார்க்காதபோது, எந்த அவசரமும் இல்லாதபோது, அவர்கள் முனகுவது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் நிகழ்ச்சியின் இசை. காலையில் செக்கிங் டேபிளுக்குப் பின்னால் நான் கேட்ட துள்ளல் அதுதான். யாரும் அழுவதில்லை, யாரும் புகையிலிருந்து வருவதில்லை. வெங்காயம் நறுக்குகிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த நாள் காலையிலிருந்து வேன் கிளம்பும் வரை, மணிக்கு ஐந்து முறை குறித்தேன். கத்தரி தட்டவில்லை. வெங்காயம் நறுக்கும் வேகத்தில் காலர் வந்தது: நாற்பத்தாறு நொடி. சாப்பாட்டுக்குப் பின் கொஞ்சம் தூக்கம், நாலு மணி டீக்குப் பின் கொஞ்சம் சுறுசுறுப்பு, சராசரி அதேதான். அழகாகத் தட்டச்சு செய்து மேனேஜரிடம் கொண்டுபோனேன்.

அவர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாப்பத்தாறா? ஏம்மா, நான் லைனுக்குள்ள போறப்ப எல்லாம் பாக்கறேனே, சர்ரு சர்ருனு வெக்கிறாங்களே?"

அவர் சொன்னது உண்மை. அவர் லைனுக்குள் போகும்போதெல்லாம் அவருடைய போன் அடிக்கும். பாவம், இத்தனை வருடமாக அவர் வேகமான லைனை மட்டும்தான் பார்த்திருக்கிறார்.

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஒரு விலகிய எண்ணுக்குக் காரணம் கண்டுபிடித்த பெருமை எனக்கு. அவர் போனைச் சத்தம் இல்லாமல் வைக்கச் சொல்லி லைனுக்கு அழைத்துப் போனேன். அரைமணி நேரம் நின்று அவரே பார்த்தார். நாற்பத்தாறு. பிறகு சத்தத்தைத் திறக்கச் சொல்லி, என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டேன். லைன் சர்ரென்று பறந்தது. "பாத்தீங்களா சார்," என்றேன், ஏதோ நானே அந்த இசையை அமைத்தது போல.

மேனேஜர் தன் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அப்ப அதையே ஸ்பீக்கர்ல போட்டு உட்ரலாம்ல?"

அக்காவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலேயே குரல் வந்தது. "வேலியில போன ஓணான எடுத்து மடியில உட்டுக்கிட்டீங்களே கண்ணு."

"உங்க மடியிலயும்," என்றார் பக்கத்து மிஷினிலிருந்து ஒருவர்.

மறுநாள் இரண்டு மணிக்கு ஸ்பீக்கரில் தீம் இசை தொடங்கியது. முடிந்ததும் மறுபடி. மறுபடி. நான் கடிகாரத்துடன் நின்றேன். முதல் பத்து நிமிடம் நாற்பத்தொன்று. மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த எண்ணை நான்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அக்கா வந்து சேராததால் அவருடைய பெண் புத்தகத்தை மூடிவிட்டு அரிசி களைவதும் அதே அட்டையில்தான் எழுதப்பட்டுக்கொண்டிருந்தது.

இருபதாவது நிமிடம் நாற்பத்து நான்கு. அரைமணியில் நாற்பத்தெட்டு. அக்கா கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து நெட்டி முறித்தார். அதற்குள் செக்கிங்கிலிருந்து பீஸ்கள் திரும்பி வரத் தொடங்கின. காலரின் ஒரு முனை ஏறியும் ஒரு முனை இறங்கியும் இருந்தது. பிரித்துத் தைக்கத் திரும்பும் இதைத்தான் ஆல்டர் என்பார்கள். வழக்கமாக ஒரு மணிக்கு இரண்டு மூன்று வரும். இப்போது செக்கிங் பெண் ஒரு கூடையையே கொண்டுவந்து வைத்துவிட்டாள். அக்கா பிரித்த நூலை ஊதிவிட்டுச் சொன்னார், "ஹீரோவுக்கு மூச்சு வாங்குது."

ஆனால் காரியத்தை முடித்தது ஆல்டர் கூடை அல்ல. அந்த இசை ஒவ்வொரு முறை முதலிலிருந்து தொடங்கும்போதும் மேனேஜரின் கை சட்டைப் பாக்கெட்டுக்குப் போனது. போனை எடுப்பார், பார்ப்பார், உள்ளே வைப்பார். லைன் முழுக்க அதைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டது. நான் எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியாது, என் பிறவிக் குணம். இருபத்தாறு முறை ஏமாந்த பிறகு கொஞ்ச நேரம் எடுக்காமலே விட்டார். இருபத்தேழாவது முறை எடுத்தபோது உண்மையிலேயே யாரோ கூப்பிட்டிருந்தார்கள், ஆறு முறை. அவர் எடுக்கத் தவறியிருந்தார். வீட்டம்மா.

"அத நிறுத்தச் சொல்லுங்க," என்றார்.

நின்றது. மிஷின் சத்தம் மட்டும் அமைதியாகக் கேட்டது. அவர் ஆல்டர் கூடையிலிருந்து ஒரு டி-ஷர்ட்டை எடுத்து, கோணலான காலரைத் தன் கழுத்தருகே வைத்துப் பார்த்தார். என்னிடம் கேட்டார், "இன்னிக்கி மத்தியானம் மொத்தமா சரியான பீஸுன்னு பாத்தா எத்தன நொடி விழுகுது?"

கணக்குப் போட்டுச் சொன்னேன். பிரித்துத் தைத்த நேரத்தையும் சேர்த்தால், ஒன்பது மணித் தொடரைவிட மோசம்.

தாளை வாங்கி, நாற்பத்தாறுக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். போகும்போது அக்காவின் மிஷின் பக்கம் நின்று, "நீங்க எந்தப் பாட்டு வேணும்னாலும் பாடுங்க, நேரத்துக்கு முடிச்சாச் சரிங்க," என்றார்.

"ஆகட்டுங்க சார்," என்றார் அக்கா. "நீங்களும் அந்த ரிங்டோன மாத்துனீங்கன்னா எங்க கை பதறாம இருக்குமுங்க."

அவர் மாற்றினார். இப்போது அது கிணிகிணி என்று ஒரு மணி.

புதிய டார்கெட் பலகையில் ஏறிய முதல் நாள் ஐந்து இருபத்தெட்டுக்கு லைன் முடிந்தது. ஐந்தரைக்கு வேனின் கதவு சாத்திக்கொண்டது. நான் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டர் நிறுத்துமிடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன். வேன் என்னை ஒட்டி மெதுவாக வந்தது. ஜன்னல் வழியே அக்கா தலையை நீட்டி, "கண்ணு, ஊடு போய்ச் சேர எட்டரை இல்லீங், ஏழு," என்றார். பிறகு உள்ளேயிருந்து பதினைந்து இருபது பேர் ஒரே குரலில் அந்தத் தீம் இசையை எனக்காக முனகத் தொடங்கினார்கள்.

நான் வேகமாக நடக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். கால் கேட்கவில்லை. ஸ்கூட்டர் வரை அதே தாளத்தில் நடந்தேன். ஹெல்மெட்டைப் போட்டபோது வேன் கேட்டைத் தாண்டியிருந்தது.