ஒச்சம்மாள் கழற்றிய மூடி

1. வீடியோ

அந்த வீடியோவை முதலாளிதான் எனக்குக் காட்டினார். எங்கள் பட்டறை அவனியாபுரத்தில். மாட்டுத் தீவனம் வெட்டும் மிஷின் செய்கிறோம். நான் ஃபிட்டர். மிஷினை வீட்டில் கொண்டுபோய் மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் வேலை. இருபத்திரண்டு வருடமாகச் செய்கிறேன்.

வீடியோவில் உசிலம்பட்டிப் பக்கத்து ஒச்சம்மாள். நாலு மாடு வைத்திருப்பவர். போன வருடம் நான் மாட்டிக் கொடுத்த மிஷினில் சோளத்தட்டை வெட்டுகிறார். போனை வைக்கோல் படப்பில் செருகி, தானே எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியது. ஒரு கட்டுத் தட்டையை அப்படியே மிஷின் வாயில் கொடுக்கிறார். கூடை நிறைகிறது.

"பாத்துக்கங்க மக்களே. எம் புருசன் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் வெட்டுறத மிஷின் இம்புட்டு நேரத்துல வெட்டிருச்சு. இனி அவரை வச்சு என்ன செய்யிறதுன்னுதான் தெரியல" என்று சிரிக்கிறார்.

"விளம்பரக் கம்பெனிக்காரன் இப்படி ஒண்ணு எடுத்தானாய்யா? காலையில இருந்து மிஷின் கேட்டு ஒம்பது போன்" என்றார் முதலாளி.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். ரோலருக்கு மேல் இருக்க வேண்டிய மூடி இல்லை. போல்ட் நாலையும் கழற்றியிருக்கிறார். கை ரோலருக்கு ஒரு சாண் வரை போய்த் திரும்புகிறது. ரோலர் தட்டையை இழுக்கும். தட்டையோடு கை போனால் கையையும் இழுக்கும். அதற்கு அடுத்தது பிளேடு.

"இந்த வீடியோ நமக்கு வேண்டாம் மொதலாளி."

"ஏய்யா, அந்தம்மா நல்லாத்தான வெட்டுது?"

"இன்னைக்கு வெட்டிருச்சு."

2. குரூப்

மிஷின் வாங்கியவர்களுக்கென்று எங்களிடம் இருக்கும் குரூப் எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். தொழிலுக்குப் புதிதாக வரும் இளையவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்.

முதலாளி முதலில் ஒரு விளம்பரக் கம்பெனியிடம் ஃபேஸ்புக் பக்கத்தைக் கொடுத்தார். லைக் வந்தது. மிஷின் போகவில்லை. வாங்கியவர்கள் எல்லாரிடமும் என் நம்பர் இருந்தது. பிளேடு தீட்டுவது எப்படி, பெல்ட் ஏன் வழுக்குகிறது என்று பத்துப் பேர் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். எனக்கு டைப் அடிக்க வராது. எட்டாவதோடு சரி. பத்துப் பேரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு வாய்ஸில் ஒரு தடவை சொன்னேன். அவ்வளவுதான்.

நாளாக ஆக, நான் சொல்வதற்கு முன்னால் இன்னொருவர் பதில் சொன்னார். மாடு கன்று போட்ட போட்டோ வந்தது. டாக்டர் நம்பர் வந்தது. நான் விளம்பரம் எதுவும் போடவில்லை. புதிதாக யாராவது விசாரித்தால் ஒன்றே ஒன்று சொல்வேன்.

"உங்க ஊருக்குப் பக்கத்துல இன்னார் வீட்டுல ஓடுது. போய்ப் பாருங்க. நான் வர மாட்டேன்."

நான் போய் நின்றால் அவர்கள் குறை சொல்லக் கூச்சப்படுவார்கள். அதனால் போக மாட்டேன். மிஷின் வைத்திருந்தவர்கள் வருகிறவருக்கு ஓட்டிக் காட்டினார்கள். காப்பியும் கொடுத்தார்கள். ஒச்சம்மாள் சொல்லி மட்டும் சுற்று ஊரில் பத்து மிஷினுக்கு மேல் போனது. அந்தப் பக்கம் கம்பெனிப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒச்சம்மா மிஷின் என்பார்கள்.

3. நான் செய்த தப்பு

வீடியோ பார்த்த அன்று நான் அவருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். குரூப்பில் வாய்ஸ் போட்டேன். "ஒச்சம்மா வீடியோவப் பாத்து யாரும் மூடியக் கழட்டாதீங்க. அது புத்தி கெட்ட வேலை." எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

பத்து நிமிடத்தில் ஒச்சம்மாள் குரூப்பை விட்டுப் போனார். பொழுது சாய்வதற்குள் அவர் சொல்லி வாங்கியவர்களும் போனார்கள். போன் போட்டால் கட் செய்தார்கள். அவரைப் பார்த்து அவர்களும் மூடியைக் கழற்றியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மூடியை மாட்டுங்கள் என்று அவர்களிடம் சொல்ல இனி எனக்கு வழியில்லை.

"ரெண்டு நாள்ல சரியாயிரும். ஒரு சாரி போட்டு விடு" என்றார் முதலாளி.

"அதுக்குள்ள ஒரு கை போயிருச்சுன்னா?"

போன் செய்த ஒன்பது பேரும் மூடி இல்லாத மாடல்தான் கேட்டார்கள். "நாம மூடியோடதான குடுக்கப் போறோம். கழட்டுறது அவுக இஷ்டம்" என்றார் முதலாளி. நான் மாட்டப் போக மாட்டேன் என்று சொன்னேன். அவரிடம் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

4. ஒச்சம்மாள் வீட்டில்

மறுநாள் காலையில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். ஒச்சம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"வாங்க புத்திசாலி அண்ணே. புத்தி கெட்டவ வீட்டுக்கு எதுக்கு வந்தீக?"

"மூடியப் போட்டு ஒரு கட்டு வெட்டும்மா. பாத்துட்டுப் போறேன்."

"நீங்களே வெட்டுங்க. அம்புட்டும் தெரிஞ்சவுகல்ல."

மூடியை மாட்டி நானே வெட்டினேன். மூன்றாவது பிடியில் சிக்கியது. ரிவர்ஸ் போட்டு எடுத்தேன். மறுபடி சிக்கியது. காய்ந்த சோளத்தட்டையின் தோகை மூடிக்கு அடியில் சுருண்டு அடைத்துக்கொண்டது. பாதிக் கட்டு முடிவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. மாடு கத்தியது.

"கேக்குதா? தெனமும் இப்படித்தான் கத்துச்சு. மூணு மாசம் பொறுத்துப் பாத்துட்டுத்தான் கழட்டுனேன்."

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்ல? வந்து பாத்தவுக எல்லார்கிட்டயும் பச்சப் புல்ல வெட்டிக் காட்டித் தங்கமான மிஷின்னு சொல்லி வாங்க வச்சிட்டேன். இப்பப் போய்ச் சிக்குதுன்னு சொன்னா எம் பேச்சுக்கு என்ன மருவாதி?"

பட்டறையிலும் மாட்டிய வீடுகளிலும் நாங்கள் வெட்டிப் பார்த்ததெல்லாம் பச்சைப் புல். தண்ணீர் பாயும் ஊரில் அது கிடைக்கும். இது மானாவாரிக் காடு. இங்கே வருடத்தில் பாதி நாள் காய்ந்த தட்டைதான். அதை ஒரு நாளும் வெட்டிப் பார்க்கவில்லை.

"தப்பு பட்டறை மேலதாம்மா. புத்தி கெட்டது நாந்தான்" என்றேன்.

அவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டார். "உக்காருங்க. காப்பி குடிச்சிட்டு என்ன செய்யணும்னு சொல்லுங்க."

5. புது வாய்

இரண்டு கட்டுத் தட்டையோடு பஸ் ஏறினேன். "என்னண்ணே, மதுரைக்குள்ள மாடு வளக்குறீகளா?" என்றார் கண்டக்டர்.

"மிஷினுக்கு."

"அது தட்டையெல்லாம் திங்குமா?"

"அது திங்கலங்கிறதுதான் பிரச்சினை."

பட்டறையில் வாயை உயர்த்தினோம். தட்டை வைக்கும் தொட்டியை, முழுக் கையை நீட்டினாலும் ரோலர் எட்டாத அளவுக்கு நீட்டினோம். மூடிக்குப் போல்ட் கிடையாது, வெல்டிங். முதலில் செய்த இரண்டு வாயிலும் தட்டை சிக்கியது. மூன்றாவதில் மீதித் தட்டை முழுவதும் நிற்காமல் போனது.

"புதுசுக்கு இதையே குடுப்போம். பழசுக்கு?" என்றார் முதலாளி.

"எல்லாத்துக்கும் மாத்தணும்."

ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் யோசித்தார். சரி என்றார்.

முதல் தொட்டியை ஒச்சம்மாளுக்கு மாட்டினேன். வெட்டிப் பார்த்துவிட்டு அவரே போனை எடுத்துப் படப்பில் செருகினார். நான் கேட்கவில்லை.

"மூடி இல்லாதப்ப இதைவிட வெரசா வெட்டும், பொய் சொல்லல. ஆனா இதுல கை உள்ள போகாது. நான் முந்திப் போட்ட வீடியோவப் பாத்துக் கழட்டுனவுக மொதல்ல மூடிய மாட்டுங்க. நான் செஞ்சது தப்பு. பழைய வாய் சரியில்ல, அது பட்டறைக்காரவுக தப்பு. மாத்திக் குடுக்குறாக."

முதலாளி கேட்டுவிட்டு, "அந்தப் பட்டறைக்காரவுக தப்புங்கிறதை மட்டும் எடுத்துரச் சொல்லேன்" என்றார்.

"அது இருந்தாத்தான் மத்ததை நம்புவாக" என்றேன்.

எடுக்கவில்லை. போனவர்கள் குரூப்புக்குத் திரும்பினார்கள். அதற்கப்புறம் குரூப்பில் மாட்டு போட்டோவோடு குறையும் வர ஆரம்பித்தது. பெல்ட் சத்தம், மோட்டார் சூடு என்று எல்லாம் வந்தது. எனக்கு வேலை கூடியது. நல்லதுதான்.

6. கடைசி வீடு

பழைய மிஷின் எல்லாவற்றுக்கும் வாய் மாற்ற ஒன்றரை மாதம் ஆனது. கடைசியாக மாற்றியது பாண்டி என்பவர் வீட்டில். ஒச்சம்மாள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி. வலது கையில் இன்னும் கட்டுப் போட்டிருந்தார். மோதிர விரலின் நுனி இல்லை.

"மொத வீடியோவப் பாத்துக் கழட்டுனேண்ணே. ரெண்டாவது வர்றதுக்குள்ள ஆயிப்போச்சு. வெளிய சொல்லக் கூச்சமா இருந்துச்சு" என்றார்.

இடது கையால் தொட்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். நான் மாட்டினேன்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, கையக் கடிச்ச மிஷினுக்கே மறுபடி தீனி போடுற? அம்புட்டு நல்ல மிஷினா?"

"மிஷின் நல்ல மிஷின்தான். மூடியக் கழட்டாம ஓட்டணும்" என்றார் பாண்டி.

அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை. ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நமக்காக நாலு பேரிடம் பேசுகிறவர் கிடைத்தால் தூக்கி வைத்துக் கொண்டாடச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது வேறு. ஊருக்கெல்லாம் நல்லது சொன்னவர் தன் வீட்டில் இருக்கும் குறையைச் சொல்ல மாட்டார். நாம்தான் போய்க் கேட்க வேண்டும். அவர் பேச்சை நம்பி வாங்குகிறவரின் கைக்கும் நாம்தான் பொறுப்பு.

இப்போது மாதம் நாலு நாள் நான் புது மிஷின் மாட்டப் போவதில்லை. ஏற்கெனவே மாட்டிய வீடுகளுக்குப் போய் ஒரு கட்டு வெட்டிப் பார்க்கிறேன். குரூப்பில் நம்மை அதிகம் பாராட்டுகிறவர் யாரோ, அவர் வீட்டுக்கு முதலில் போகிறேன்.