அக்காவின் வலது கையும் என் இடது கையும்

தென்காசியில் டயாலிசிஸ் கட்டிலில் அக்கா படுத்திருப்பாள். இடது கையில் இரண்டு ஊசிகள். நான்கு மணி நேரம் அந்தக் கையை மடக்கக் கூடாது. எங்களுக்கு நடுவே தலையணை மேல் என் செல்போன் கிடக்கும். அதில் ஒரு சண்டை விளையாட்டு. அக்கா எப்போதும் தேர்ந்தெடுப்பது மொட்டைத்தலை மல்லன் ஒருவனை.

அவனுக்கென்று ஒரு தனி அடி உண்டு. அவன் வாங்கும் ஒவ்வொரு அடிக்கும் திரையின் கீழே ஒரு நீலக்கோடு கொஞ்சம் கொஞ்சமாக நிறையும். நிறைந்த பின் இடது கட்டைவிரலால் கீழ்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால் குந்தி உட்கார்ந்து பலத்தைச் சேர்ப்பான். விரலை முன்பக்கம் தள்ளும் அதே கணத்தில் வலது கட்டைவிரல் குத்துப் பொத்தானைத் தொட வேண்டும். அப்போதுதான் பாய்ந்து எதிராளியைத் தூக்கி எறிவான். முந்தினால் வெறும் குத்து. பிந்தினால் கோடு காலியாகி, அடி வாங்க வாகாக நிற்பான். இரண்டு கைக்கான வேலை அது. அக்காவுக்கு ஒரு கைதான் இருந்தது. அதனால் திசை என்னுடையது, குத்து அவளுடையது. ஒரு மாதம் தோற்றுக்கொண்டே இருந்தோம். நான்தான் அவசரப்படுவேன். "அவன் உக்காந்து எந்திரிக்கட்டும்லே" என்பாள். பிறகு சொல்லாமலே கூடிவந்தது. என் விரல் நகர்வதற்கு முன் நான் மூச்சை இழுப்பது அவளுக்குக் கேட்குமாம்.

அதைக்கூடக் கேட்கிறவளிடம் என் பயத்தை மறைத்துவிடலாம் என்று எப்படி நினைத்தேனோ. அவளுக்குக் கிட்னி தர நான் பொருந்துவேன் என்று பரிசோதனையில் தெரிந்திருந்தது. மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. சுரண்டையிலிருந்து காய்கறி ஏற்றிப் புளியறை வழியாகக் கேரளத்துக்கு வண்டி ஓட்டுகிறவன். ஓணம் லோடு முடியட்டும் என்றேன். பிறகு மகளுக்குக் காதுகுத்து முடியட்டும் என்றேன். பத்து மாதம் போனது. அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

சாரல் விழுந்த ஒரு நாள் குற்றாலத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னாள். ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாதவள், ஐந்தருவியில் பெண்கள் பக்கம் போய் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நான் தள்ளி நின்று பார்த்தேன். அவ்வளவு தண்ணீருக்கு அடியில் ஒரு சொட்டு விழுங்கவில்லை. ஈரத்தோடு வந்தவளிடம், "அக்கா, நான் தாரேன்" என்றேன்.

தலையைத் துவட்டியபடியே, "ஏலே, பயம் போயிட்டா?" என்று கேட்டாள்.

"போகல."

"பொறவு?"

"பயந்துக்கிட்டே தாரேன்."

துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மதுரையில் எல்லாப் பரிசோதனைகளும் மறுபடி எடுத்தார்கள். அறுவை சிகிச்சையை அவள் இதயம் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். பத்து மாதத்துக்கு முன்னால் தாங்கியிருக்குமா என்று மருத்துவரிடம் தனியாகக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். திரும்பும் பேருந்தில் அக்கா சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தென்காசி நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தாள். "நீ டாக்டர்ட்ட என்ன கேட்டன்னு எனக்குத் தெரியும்லே. இனிமே யார்ட்டயும் அதக் கேக்காத."

அடுத்த தை மாதம் போய்விட்டாள். நான் யாரிடமும் கேட்கவில்லை.

இப்போது சீசனுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு அருவிக்குப் போகிறேன். சோப்புப் போடும்போது கை தானாக விலாவுக்குப் போகும். அங்கே தழும்பு எதுவும் இல்லை.